குப்பைத் தொட்டியில் வான்கோழி

நவம்பர் மாதத்தின் நான்காவது வியாழக்கிழமை அமெரிக்காவில் நன்றி நவிலும் நாள். அந்த ஒரு பண்டிகைக்கு மட்டும் ஏறத்தாழ 4.6 கோடி வான்கோழிகள் வேகின்றன என்பது அந்நாட்டு வான்கோழி உற்பத்தியாளர் கூட்டமைப்பின் மதிப்பீடு. ஆறு கிலோ எடையுள்ள பறவை வீட்டு ஓவனில் வேக மூன்று மணி நேரமாவது பிடிக்கும். அவ்வளவு நேரம் காத்திருக்க மனமில்லாதவர்களும், காட்டில் கூடாரம் அடித்துத் தங்குபவர்களும், சாரணர் குழுக்களும் பல ஆண்டுகளாகக் கையாளும் குறுக்குவழி ஒன்று உண்டு. தரையில் அலுமினியத் தாளை விரித்து, நடுவில் ஒரு கட்டையை அடித்து, அதில் வான்கோழியை நிமிர்த்திச் செருகுகிறார்கள். அதன்மேல் ஒரு தகரக் குப்பைத் தொட்டியைக் கவிழ்க்கிறார்கள். புதுத் தொட்டிதான், குப்பை கண்டதில்லை. தொட்டியின் அடிப்பாகம் இப்போது கூரையாகிவிட, அதன் மேலும் சுவரைச் சுற்றியும் பத்துக் கிலோ அளவுக்குக் கனன்ற கரியைக் குவிக்கிறார்கள். இரண்டு மணி நேரத்தில் தோல் பொன்னிறமாக முறுகி, சாறு சொட்டச் சொட்ட வான்கோழி தயார். சுவையைப் பற்றி யாரும் குறை சொல்வதில்லை. பாதுகாப்பைப் பற்றித்தான் ஓயாத வாக்குவாதம். தொட்டியின் பூச்சிலிருந்து நஞ்சு இறைச்சிக்குள் இறங்கும் என்பது ஒரு கட்சி. எத்தனையோ பேர் சாப்பிட்டு நன்றாகத்தானே இருக்கிறார்கள் என்பது மறுகட்சி. இரு தரப்பும் தட்டில் இருக்கும் இறைச்சியையே பார்த்துக்கொண்டிருக்கின்றன. ஆபத்தின் பெரும்பகுதி வேறு இடங்களில் இருக்கிறது என்பதே என் வாதம்.

முதலில் அந்தத் தொட்டி எதனால் ஆனது என்று பார்க்கலாம். மழையில் கிடந்தாலும் துருப்பிடிக்காமல் இருக்க, மெல்லிய எஃகுத் தகட்டைச் சுமார் 450 டிகிரி செல்சியஸில் உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுக்கிறார்கள். நம் ஊரில் ஜி.ஐ. வாளி, ஜி.ஐ. ஷீட் என்று சொல்வதும் இதைத்தான். புது வாளியின் பக்கவாட்டில் பூப்பூவாகத் தெரியுமே, அது துத்தநாகம் குளிரும்போது உருவான படிகங்களின் கோலம். பூச்சு என்றாலும் இது பெயின்ட் போல மேலாக ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. எஃகை ஒட்டி இரும்பும் துத்தநாகமும் கலந்த உலோகக் கலவை அடுக்குகள், அவற்றின் மேல் கிட்டத்தட்டத் தூய துத்தநாகம் என்று படிப்படியாக அமைந்தது. இந்தத் தொழிலில் இருப்பவர்களே இப்படிப் பூசிய இரும்பைத் தொடர்ந்து 200 டிகிரிக்கு மேல் சூடாக்க வேண்டாம் என்கிறார்கள். அதற்கு மேல் போனால் மேலடுக்குத் துத்தநாகம் அடியடுக்கிலிருந்து விடுபட்டு, செதில் செதிலாக உரியத் தொடங்கும். அடுப்பாகப் பயன்படுத்தும் எண்ணம் இந்தப் பொருளை வடிவமைத்தவர் எவருக்கும் இருந்ததில்லை என்பதற்கு இந்த ஓர் எண்ணே போதும்.

இதற்குத் தொட்டிச் சமையலை ஆதரிப்பவர்களிடம் தயாராக ஒரு பதில் இருக்கிறது. துத்தநாகத்தின் கொதிநிலை 907 டிகிரி. வான்கோழி வேகும் இடத்தில் அவ்வளவு வெப்பம் ஏறினால் பறவையே கரியாகிவிடும். ஆகவே துத்தநாகம் ஆவியாக வழியில்லை என்பார்கள். கேட்கச் சரியாகத் தோன்றும் இந்தக் கணக்கில் இரண்டு ஓட்டைகள். கொதித்தால்தான் ஒரு பொருள் ஆவியாகும் என்பது முதல் ஓட்டை. கொடியில் போட்ட ஈரத்துணி 100 டிகிரிக்குக் காத்திருந்தா காய்கிறது? துத்தநாகம் 419.5 டிகிரியில் உருகுகிறது. 480 டிகிரியை எட்டும்போது அதன் ஆவியழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 580 டிகிரியில் நூற்றில் ஒரு பங்கு. உலோகங்களுக்குள் இது அசாதாரணமான ஆவியாகும் தன்மை. ராஜஸ்தானத்தின் ஜாவரில் இடைக்காலத்திலேயே துத்தநாகம் வடித்தவர்கள் இந்தக் குணத்தை வைத்தே தொழில் செய்தார்கள். களிமண் குடுவைகளைத் தலைகீழாக உலையில் நிறுத்தி, தாதுவிலிருந்து ஆவியாக வெளிப்பட்ட துத்தநாகத்தைக் கீழே குளிரவைத்துப் பிடித்தார்கள். மற்ற உலோகங்களைப் போல அடியில் உருகித் தேங்கும் என்று காத்திருந்தால் அது கைக்கு எட்டாமல் காற்றோடு போய்விடும்.

இரண்டாவது ஓட்டை, வெப்பத்தை எங்கே அளப்பது என்பது. பறவை இருக்கும் உட்புறக் காற்று ஒரு ஓவனின் சூட்டில் இருக்கலாம். துத்தநாகமோ கரியை நேரடியாகத் தொட்டுக்கொண்டிருக்கும் வெளிப்புறத்தில் இருக்கிறது. கனன்ற கரியின் மேற்பரப்பு 700 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம்; காற்று வீசினால் இன்னும் ஏறும். இதைச் சோதிக்கக் கருவிகூடத் தேவையில்லை. எந்தத் திடப்பொருளும் சுமார் 525 டிகிரியில்தான் இருட்டில் மங்கிய சிவப்பாக ஒளிரத் தொடங்குகிறது என்று ஜான் வில்லியம் டிரேப்பர் 1847இல் காட்டினார். மாலை மங்கிய பிறகு கரியை ஒதுக்கிப் பார்க்கையில் தொட்டியின் தகடு சிவந்து தெரிந்தால், அந்த இடம் துத்தநாகத்தின் உருகுநிலையை எப்போதோ கடந்துவிட்டது என்று பொருள். சமையல் முடிந்த தொட்டியைக் கொஞ்சம் கவனித்தால் இன்னொரு சாட்சியும் கிடைக்கும். கரி கிடந்த இடங்களில் சூட்டோடு மஞ்சளாகத் தெரியும் ஒரு படலம், ஆற ஆற வெள்ளையாக மாறும். அது துத்தநாக ஆக்ஸைடு. சூடாக இருக்கும்போது மஞ்சள், குளிர்ந்தால் வெள்ளை என்பது அதற்கே உரிய அடையாளம். இந்தப் படலமே மேற்கொண்டு ஆவியாவதை ஓரளவு தடுக்கவும் செய்கிறது என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். ஆனால் பூச்சுக்கு ஒன்றுமே ஆகவில்லை என்ற வாதம் அந்த வெள்ளைப் பொடியின் முன்னால் நிற்காது.

அப்படியானால் வான்கோழி நஞ்சாகிவிட்டதா? அவசரப்பட வேண்டாம். துத்தநாகம் நம் உடலுக்குத் தேவையான சத்து. வளர்ந்த ஆணுக்கு நாளொன்றுக்கு 11 மில்லிகிராமும் பெண்ணுக்கு 8 மில்லிகிராமும் வேண்டும் என்றும், 40 மில்லிகிராம் வரை தொடர்ந்து உட்கொண்டாலும் கேடில்லை என்றும் அமெரிக்க ஊட்டச்சத்து வல்லுநர்கள் வரையறுத்திருக்கிறார்கள். வாந்தி வரவேண்டும் என்றால் ஒரே வேளையில் இருநூறு மில்லிகிராமுக்கு மேல் உள்ளே போக வேண்டும். தொட்டியின் சுவரைத் தொடாமல் நடுவில் நிற்கும் பறவையின் தோலில் படியும் ஆக்ஸைடு அந்த அளவை எட்டும் என்று நம்ப எந்த முகாந்திரமும் இல்லை. இந்த இடத்தில் எச்சரிக்கை செய்பவர்கள் சற்று மிகைப்படுத்துகிறார்கள் என்றே சொல்வேன். வயிறு சமாளித்துக்கொள்ளும், சமாளிக்க முடியாதது நுரையீரல். துத்தநாக ஆவி காற்றைத் தொட்டதும் மிக நுண்ணிய ஆக்ஸைடுத் துகளாக, வெண்புகையாக மாறுகிறது. அதை மூச்சில் இழுத்தவருக்குச் சில மணி நேரம் கழித்து வாயில் உலோகச் சுவை, தொண்டை வறட்சி, பிறகு குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், உடல்வலி. ஒன்றிரண்டு நாளில் தானாகவே போய்விடும். பித்தளை வார்ப்பவர்களிடம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மருத்துவர்கள் கண்டு எழுதிய இந்த நோய்க்கு உலோகப் புகைக் காய்ச்சல் என்று பெயர். திங்கட்கிழமைக் காய்ச்சல் என்றும் சொல்வார்கள். தினமும் புகையில் நிற்பவரின் உடல் அதற்குப் பழகிவிடும். ஞாயிறு விடுமுறையில் அந்தப் பழக்கம் விட்டுப்போக, திங்களன்று மறுபடியும் காய்ச்சல் வரும். ஜி.ஐ. குழாயைப் பற்றவைக்கும் வெல்டர்கள் பால் குடித்தால் சரியாகும் என்று உலகமெங்கும் நம்புகிறார்கள். நுரையீரலுக்குப் போனதைப் பால் எப்படிக் கழுவும் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

அளவைப் பற்றி ஒரு சின்னக் கணக்கு. எழுபத்தைந்து லிட்டர் தொட்டி ஒன்றின் தகட்டுப் பரப்பு ஒரு சதுர மீட்டருக்குச் சற்றுக் குறைவு. இரு பக்கமும் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 275 கிராம் என்பது சந்தையில் பரவலாக உள்ள பூச்சுத் தரம். அந்தத் தரத்தில் செய்த தொட்டியில் இருநூறு கிராமுக்கு மேல் துத்தநாகம் ஒட்டிக்கொண்டிருக்கும். தொழிற்கூடங்களில் எட்டு மணி நேரப் பணிக்கு அமெரிக்கச் சட்டம் அனுமதிக்கும் துத்தநாக ஆக்ஸைடுப் புகையின் அளவு ஒரு கனமீட்டர் காற்றில் 5 மில்லிகிராம். தொட்டியிலிருந்து ஒரே ஒரு கிராம் துத்தநாகம் ஆவியானால்கூட 250 கனமீட்டர் காற்றை அந்த வரம்புக்குக் கொண்டுவந்துவிடும். பத்தடி உயரக் கூரை கொண்ட 900 சதுர அடி வீடு முழுவதும் நிரம்பியிருக்கும் காற்றுக்கு இது சமம். திறந்த வெளியில் புகை கலைந்துவிடும் என்பது உண்மை. ஆனால் கரியைச் சரிசெய்ய ஒருவர் அடிக்கடி தொட்டியின் மேல் குனிகிறார். காற்று அவர் முகத்தை நோக்கித் திரும்பும் நேரங்கள் உண்டு. அந்த வான்கோழியால் உடம்புக்கு வரக்கூடியவர் விருந்தாளி அல்ல, சமைத்தவர்.

இத்தனை பேர் செய்திருக்கிறார்களே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே என்ற கேள்விக்கும் இங்கேதான் விடை. நண்பகலில் புகையை இழுத்தவருக்கு இரவில்தான் காய்ச்சல் வரும். அது நவம்பர் இறுதி. ஃப்ளூ பரவும் பருவம். வீடு நிறைய உறவினர்கள். குளிரெடுத்துப் படுத்தவர் யாரோ ஒரு குழந்தையிடமிருந்து ஒட்டிக்கொண்ட சளிக்காய்ச்சல் என்றுதான் நினைப்பார். மறுநாள் எழுந்துவிடுவார், மருத்துவரிடம் போகமாட்டார். பதிவேட்டில் ஏறாத நோய் வரவே இல்லை என்று முடிவு கட்ட முடியாது. அதே சமயம் இதனால் ஊர் ஊராக மருத்துவமனைகள் நிரம்பியதும் இல்லை. ஆரோக்கியமான ஒருவருக்குத் திறந்த வெளியில் இது சிறிய ஆபத்துதான். ஆஸ்துமாவோ பழைய நுரையீரல் நோயோ உள்ளவருக்கு அதே வார்த்தையைச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

துத்தநாகம் மட்டும் என்றால் கட்டுரையை இங்கேயே முடித்துவிடலாம். அது தனியாக வருவதில்லை. பூச்சுத் தொழிலில் நெடுங்காலம் புழங்கிய மலிவு ரகத் துத்தநாகத்தில் ஒரு சதவீதத்துக்கு ஈயமும் சிறிதளவு காட்மியமும் இருக்க இடமிருந்தது. காட்மியம் 321 டிகிரியில் உருகி 767 டிகிரியில் கொதிக்கிறது. துத்தநாகத்தை முந்திக்கொண்டு ஆவியாகும். அதன் புகையும் முதலில் சாதாரணக் காய்ச்சல் போலவே தொடங்கும். ஆனால் நுரையீரலில் நீர் கோத்து ஆளையே கொல்லும். வெள்ளிப் பற்றவைப்பில் வேலை செய்த தொழிலாளர்கள் அப்படி இறந்திருக்கிறார்கள். பழைய குளிர்சாதனப் பெட்டியின் கம்பித் தட்டை எடுத்துக் கரியடுப்பின் மேல் வைத்து இறைச்சி சுடக்கூடாது என்று அமெரிக்க அதிகாரிகள் எச்சரிப்பது இதனால்தான். அந்தக் காலத் தட்டுகள் சிலவற்றுக்குக் காட்மிய முலாம் பூசியிருந்தார்கள். பார்த்த மாத்திரத்தில் எது குரோமியம், எது காட்மியம் என்று யாரால் சொல்ல முடியும்? பீப்பாயை அறுத்துச் செய்த அடுப்பிலும் இதே சிக்கல். உள்ளே ரெசின் பூச்சு இருக்கலாம், முன்பு ரசாயனம் அடைத்து வந்திருக்கலாம். பொரி, பிஸ்கட் வரும் அலங்கார டின்னுக்கு வெளியே அச்சு மை. அதன் வெள்ளீய முலாம் 232 டிகிரியிலேயே உருகும். சமையல் பாத்திரம் விற்பவர் அது எந்த உலோகம் என்பதற்குப் பொறுப்பேற்கிறார். குப்பைத் தொட்டி விற்பவருக்கு அந்தப் பொறுப்பு கிடையாது, அவரைக் குறை சொல்லவும் முடியாது.

உணவு நேரடியாகத் துத்தநாகத்தைத் தொடும்போது மட்டும் கதை வேறு. புளிப்பு அதைக் கரைக்கும். வெள்ளீயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பு வைத்தால் களிம்பேறும் என்று நம் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும்; பித்தளையில் பாதிக்குக் கீழாகத் துத்தநாகமும் இருக்கிறது. கலிபோர்னியாவில் இப்படிப் பூசிய கலன்களில் வைத்திருந்த புளிப்பான உணவையும் பானத்தையும் உட்கொண்டவர்களுக்கு வாந்தியும் வயிற்றுவலியும் வந்ததை 1964இல் மருத்துவ இதழ் ஒன்று விவரித்தது. அமெரிக்க உணவுப் பாதுகாப்பு விதித்தொகுப்பும் புளிப்பான உணவு படும் இடங்களில் இந்தப் பூச்சைத் தடை செய்கிறது. ஆகவே எலுமிச்சைச் சாறும் தக்காளியும் சேர்த்த மசாலாவில் வான்கோழியை ஊறவைக்கவோ, சாற்றைப் பிடித்து வைக்கவோ அதே ரகத் தகர வாளியை எடுப்பதுதான் இறைச்சி வழியாக நஞ்சு வர உண்மையிலேயே வாய்ப்புள்ள வழி. உப்பு நீரில் பறவையை ஓர் இரவு ஊறவைக்கும் வழக்கம் அங்கே பரவலாக இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

ஒருமுறை வெறும் தொட்டியை நெருப்பில் போட்டுப் பூச்சை எரித்துவிட்டால் போதும் என்ற யோசனை அடிக்கடி முன்வைக்கப்படுகிறது. எந்தப் புகைக்கு அஞ்சினோமோ அதை மொத்தமாக ஒரே நாளில் வெளியேற்றும் வேலை அது. அதன் பிறகும் தொட்டி சுத்தமாவதில்லை. மேலடுக்குப் போனாலும் எஃகோடு கலந்த துத்தநாகம் எளிதில் போகாது. ஆக்ஸைடுப் பொடி சுவரெங்கும் ஒட்டிக்கொண்டு, தொட்டியைத் தூக்கும்போது சாம்பலோடு சேர்ந்து இறைச்சியின் மேல் உதிரும். வினிகரில் ஊறவைத்துப் பூச்சைக் கரைப்பது இதைவிடப் பாதுகாப்பானது. ஆனால் அவ்வளவு மெனக்கெடுவதைவிடப் பூச்சே இல்லாத ஒன்றை வாங்கிவிடலாம்.

உலோகத்தைப் பற்றிய இந்தச் சர்ச்சையில் காணாமல் போவது கிருமி. வான்கோழியால் அமெரிக்கர்கள் நோயில் விழுவது பெரும்பாலும் சால்மொனெல்லா, கேம்பைலோபேக்டர், க்ளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ் ஆகியவற்றால்தான். 2006இல் அமெரிக்க வேளாண்மைத் துறை கோழி, வான்கோழி உள்ளிட்ட பறவை இறைச்சி அனைத்துக்கும் ஒரே இலக்காக 74 டிகிரி செல்சியஸை நிர்ணயித்தது. சால்மொனெல்லாவைப் போதிய அளவு அழிக்க 60 டிகிரியில் அரை மணி நேரம் வேண்டும். 65 டிகிரியில் சில நிமிடங்கள். 74 டிகிரியில் பத்து வினாடிகூடத் தேவையில்லை. எழுநூறு டிகிரிக் கரிக்கு நடுவில் எந்தக் கிருமி பிழைக்கும் என்று கேட்பவர்கள், வெளியே இருக்கும் வெப்பமும் தொடையெலும்பை ஒட்டிய சதையின் வெப்பமும் ஒன்றல்ல என்பதை மறக்கிறார்கள். இறைச்சிக்குள் வெப்பம் ஊர்ந்துதான் போகும். தடிமன் இருமடங்கானால் நடுப்பகுதி வேகப் பிடிக்கும் நேரம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். வெளிச்சூட்டைக் கூட்டினால் தோல்தான் முந்திக் கருகும். வயிற்றுக்குள் கொஞ்சம் பனிக்கட்டி மிச்சமிருந்தாலும் போச்சு. ஓவனில் சூடு எத்தனை டிகிரி என்று முள் காட்டும்; கதவைத் திறந்து சோதிக்கலாம். கவிழ்த்த தொட்டிக்குள் எட்டிப் பார்க்க வேண்டுமானால் பத்துக் கிலோ நெருப்பை முதலில் அப்புறப்படுத்த வேண்டும். ஒருமுறை தூக்கிவிட்டால் திரும்ப வைத்துக் கரியை அடுக்குவதற்குள் சூடு போய்விடும் என்பதால், பாதி வெந்ததைக் கண்டாலும் பரவாயில்லை என்று அறுத்துவிடும் சபலம் அதிகம். நிறத்தை நம்பியோ, வழியும் சாறு தெளிந்துவிட்டதை நம்பியோ முடிவெடுப்பதும் தவறு. இரண்டுமே 74 டிகிரிக்கு முன்பே ஏமாற்றும். விருந்து முடிந்து மிஞ்சிய இறைச்சியை இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வைக்காவிட்டால், வேகவைத்ததில் சாகாத பெர்ஃப்ரிஞ்சென்ஸ் வித்துகள் வெதுவெதுப்பில் முளைத்துப் பெருகும். அந்தக் கிருமியால் வரும் உணவு நஞ்சு அமெரிக்காவில் நவம்பர், டிசம்பர் மாதங்களில் அதிகம் பதிவாவது தற்செயல் அல்ல.

தொட்டிச் சமையலையே கைவிடச் சொல்லவில்லை. கவிழ்த்த உலோகக் கூட்டுக்குள் கரிச்சூட்டில் வேகவைப்பது நல்ல முறைதான். மோசமானது அந்தக் கூட்டின் பூச்சு. பூச்சும் பெயின்டும் இல்லாத ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பாத்திரம் கிடைத்தால் அதே முறையை அப்படியே செய்யலாம். அதன் மேலிருக்கும் குரோமியம் ஆக்ஸைடுப் படலம் இந்தச் சூட்டில் நிலைத்து நிற்கும். கரியை மூடியின் மேலேயே அடுக்கிச் சமைப்பதற்கென்று கனமான வார்ப்பிரும்புச் சட்டிகளை அமெரிக்க முகாம்களில் நூற்றாண்டுகளாகப் பயன்படுத்துகிறார்கள். முழு வான்கோழி அடங்காவிட்டால் துண்டுகளாக வெட்டிப் போடலாம், சீராகவும் வேகும். கரியைக் கூடாரத்துக்குள்ளோ கார் நிறுத்தும் அறையிலோ மூட்டவே கூடாது. கார்பன் மோனாக்ஸைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. போன ஆண்டு ஜி.ஐ. தொட்டியில் சமைத்துச் சாப்பிட்டவர்கள் இன்று ரத்தப் பரிசோதனைக்கு ஓட வேண்டியதில்லை. இந்த ஆண்டும் செய்வதாக இருந்தால் தொட்டியை மாற்றுங்கள்; ஆறு கிலோப் பறவையைச் சமைப்பதற்கு மூன்று நாள் முன்பே உறைபெட்டியிலிருந்து எடுத்துக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள்; கரியைக் கிளறும்போது காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசும்படி நில்லுங்கள். கம்பி வெப்பமானி ஒன்றை எலும்பில் படாமல் தொடையின் நடுவிலும் மார்பின் தடித்த பகுதியிலும் குத்திப் பார்த்து, இரண்டு இடத்திலும் 74 டிகிரி காட்டிய பிறகு கத்தியை எடுங்கள்.